கோழிச்சாற்றில் ஊற்றிய ஒயின்

இலாரியோ கந்தோல்ஃபி வயிற்றால் கெட்டவன் என்று ஒரு பேச்சு ஓபரா வட்டாரத்தில் இன்னமும் உலவுகிறது. கைக்கு வந்த அரச வேஷத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குத் தொலைத்தவன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த மேஜைக்குப் பக்கத்தில்கூடப் போனவர்கள் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கோ உண்மையைச் சொல்ல வாய் வராது. அதனால் நடந்ததை நடந்தபடி யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் அவன் யார் என்று சொல்லிவிடலாம். மாந்தொவாவுக்குத் தெற்கே, போ ஆற்றங்கரையில், சான் ப்ரோஸ்பெரோ என்ற ஊரில் செங்கல் சூளைக்காரர் வீட்டில் பிறந்தவன். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். குரல் அதைவிடக் கனம். மாதா கோயிலில் அவன் அடித்தொண்டையில் பாடினால் மெழுகுவர்த்தித் தண்டுகள் அதிரும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன ஆனான்? வடக்கே ஒரு பெரிய நகரத்து ஓபரா அரங்கில் கூட்டத்தோடு பின்னால் நின்று பாடுகிற கோரஸ் பாடகன் ஆனான். சுவரொட்டியில் கதாநாயகிக்கு ஒரு முழம் எழுத்து, வாத்தியக் குழு நடத்துநருக்கு அரை முழம், விளக்குப் போடுகிறவனுக்குக்கூடப் பெயர் உண்டு. கோரஸ் என்றால் எல்லாருக்குமாகச் சேர்த்து அடியில் ஒரு சொல், அவ்வளவுதான். ஒருநாள் சிப்பாய், ஒருநாள் துறவி, ஒருநாள் கிராமத்தான். வேஷத்தைக் கலைத்தால் யாரும் இல்லை.

ஆனால் இலாரியோ அதற்காகப் புலம்பியவன் இல்லை. அவனுக்கு வேறு ஒரு பெரிய வாழ்க்கை இருந்தது. அது சாப்பாட்டில் இருந்தது.

வருடத்தில் பாதிநாள் அந்தக் குழு ரயிலில் ஊர் ஊராகப் போகும். மற்றவர்கள் ஊர்களை அரங்கத்தை வைத்து நினைவு வைத்திருப்பார்கள். அங்கே மேடை சரிவு, இங்கே கைதட்டல் கஞ்சத்தனம் என்று. இலாரியோவிடம் த்ரியெஸ்தே என்று சொன்னால், குடையை முறிக்கிற காற்றும், புளித்த முட்டைக்கோசும் பீன்ஸும் கொதித்துக் கெட்டியான சூப்பும்தான். பலெர்மோ என்றால் தெருமுனையில் நின்றபடி தின்ற மண்ணீரல் ரொட்டி. அதில் எலுமிச்சையைப் பிழிந்த கிழவன் இவன் கையின் அகலத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு பாதியும் பிழிந்தானாம். ஜெனோவாவில் கடலை மாவு அடை. புடாபெஸ்டில் மிளகாய்ப்பொடியில் சிவந்த மீன் சூப். அங்கே பாஷை தெரியாமல் சமையற்கட்டுக்குள்ளேயே போய்விட்டான். சமையற்காரி கரண்டியை ஓங்கினாள். இவன் காலியான பெரிய குண்டானுக்குள் தலையை விட்டு ஒரு கீழ்ஸ்தாயி பிடித்தான். குண்டான் முனகியது. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவனுக்கு மீன் தலையை எடுத்து வைத்தாள்.

பாடகர்கள் பாடுவதற்கு முன்னால் சாப்பிட மாட்டார்கள். வயிறு நிறைந்திருந்தால் மூச்சு நிற்காது. மத்தியானத்திலிருந்து பட்டினி கிடந்து, திரை விழுந்த பிறகு வெளியே வந்தால் ஊரில் அடுப்பெல்லாம் அணைந்திருக்கும். நட்சத்திரங்களுக்கு ஓட்டலில் மேஜை போட்டு வைத்திருப்பார்கள். கோரஸ்காரன் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு தூங்க வேண்டியதுதான். கலை, கலை என்று மார்பில் கை வைத்துப் பேசுகிறவர்கள், அந்தக் கலையில் பாதியைத் தோளில் சுமக்கிறவனுக்கு ஒரு தட்டு சூடான சாப்பாடு வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இதில் இலாரியோவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கோபப்பட்டால் வயிறு நிறையுமா? அவன் போய் இறங்கியதுமே அந்த ஊர்ச் சமையற்காரிகளைப் பிடித்துவிடுவான். இரவு அவனுக்கு ஒரு தட்டு மூடி வைத்திருப்பார்கள்.

அவன் மனைவி நீவெஸ் அதே அரங்கில் உடைகள் தைக்கிற பிரிவில் இருந்தாள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அவன் சிப்பாய்ச் சட்டையைப் பிரித்துத் தைப்பது அவள் தலையில் விழும்.

"உன் இடுப்புக்கு விட்ட துணியில ரெண்டு தேவதைக்குப் பாவாடை தச்சிருக்கலாம்யா" என்பாள் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு.

"தேவதைங்களுக்குப் பசிக்காது. எனக்குப் பசிக்குது" என்பான் அவன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த அரச வேஷம் வந்தது.

அந்தப் பருவத்தின் பெரிய ஓபராவில் ஒரு வயோதிக அரசன். மகனைச் சாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து பாடுகிற நீளமான பாட்டு ஒன்று அவனுக்கு உண்டு. அதைப் பாட ஒப்புக்கொண்டிருந்த பிரபலம் வெளிநாட்டில் இருந்தார், வருவதற்குத் தாமதமானது. ஒத்திகை நிற்கக்கூடாது என்று நடத்துநர் கோரஸ் பக்கம் திரும்பி, "யாருக்காவது இந்தப் பாட்டு வருமா?" என்றார். இலாரியோ கையைத் தூக்கினான். முதல் நாள் பாடி முடித்ததும் வாத்தியக்காரர்கள் வயலின் வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டினார்கள். அது அவர்களுடைய கைதட்டல். சம்பளத்துக்கு வாசிக்கிறவர்கள் அதைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். சில வாரம் இவனே பாடினான். கடைசியில் பிரபலத்துக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை, வர மாட்டார் என்று தந்தி வந்தது.

நடத்துநர் இலாரியோவைத் தனியே கூப்பிட்டார். "நீதான்பா பாடப் போற. அரங்கக் கமிட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், அது சும்மா சம்பிரதாயம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் தலைவர் வீட்ல விருந்து. வந்துடு."

நீவெஸ் அன்றைக்கே அரசனின் அங்கியை இவன் அளவுக்குப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். "சுவரொட்டியில பேர் போடுவாங்களா?" என்று கேட்டாள். இவன் விரலால் மேஜைமேல் தன் பெயரை எழுதிப் பார்த்தான்.

அந்த அரங்கில் இன்னொரு சான் ப்ரோஸ்பெரோக்காரனும் இருந்தான். ஒலிந்தோ. அவனும் அடித்தொண்டைக்காரன்தான்; ஆனால் கோரஸில் நிற்கிறவன் இல்லை. தூதன், காவல் தலைவன், நோட்டரி என்று சின்னச் சின்ன வேஷங்கள் கட்டுவான். இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இலாரியோவுக்குச் சின்ன வயதிலேயே தாய் இல்லாமல் போனதால், அவன் தின்ற சோற்றில் பாதி ஒலிந்தோவின் அம்மா அர்ஜியா போட்டது. ஒலிந்தோவின் அப்பா ஆற்றுமணல் அடிக்கிற வண்டிக்காரர். குதிரையோடு பேசுகிற அளவு மனிதர்களோடு பேச மாட்டார்; இப்போது உயிரோடு இல்லை. நகரத்துக்கு வந்த பிறகு ஒலிந்தோ மெல்ல மெல்லப் பேச்சை மாற்றினான், நடையை மாற்றினான், தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரினான். ஊர்ப் பேச்சில் இவன் கூப்பிட்டால், அவன் நகரத்துப் பேச்சில் பதில் சொல்வான். இருந்தாலும் கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் அர்ஜியாம்மா வீட்டுக்குத்தான் போவார்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. தலைவரின் மனைவி சிஞ்ஞோரா தொர்னாகி வீட்டில் வெள்ளித் தட்டு, பட்டுத் திரை, கையுறை போட்ட பரிமாறுகிறவர்கள். நடத்துநர் இருந்தார், கமிட்டிக்காரர்கள் இருந்தார்கள், மேஜை நிறைய வேண்டும் என்பதற்காக ஒலிந்தோவையும் கூப்பிட்டிருந்தார்கள். இலாரியோ நீவெஸ் இஸ்திரி போட்டுக் கொடுத்த கறுப்புக் கோட்டில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சூப் வந்தது. இரண்டு பக்கமும் காது வைத்த மெல்லிய பீங்கான் கிண்ணத்தில் தெளிந்த சாறு.

ஒரு கரண்டி வாயில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். கொழுத்த சேவலும் மாட்டெலும்பும் சேர்ந்து, கொதிக்க விடாமல், காலையிலிருந்து சின்னத் தீயில் கிடந்த சாறு. அர்ஜியாம்மா வீட்டுக் கிறிஸ்துமஸைத் தவிர வேறெங்கும் அப்படி ஒன்றை அவன் குடித்ததில்லை. அந்த வினாடியில் அவனுக்குக் கமிட்டி மறந்தது, வேஷம் மறந்தது.

அவன் ஊரில் அப்படிப்பட்ட சாற்றுக்கு ஒரு மரியாதை உண்டு. அதில் சிவப்பு ஒயினைத் தாராளமாக ஊற்றுவார்கள். மட்டமான சாற்றில் யாரும் ஊற்ற மாட்டார்கள், ஒயின் வீண். ஊற்றிவிட்டு எழுந்து, மேஜைக்கு முதுகைக் காட்டி நின்று, கிண்ணத்தை வாயில் வைத்தே குடிக்க வேண்டும். ஏன் முதுகு என்று யாரும் கேட்டதில்லை. கிறிஸ்துமஸ் அன்று போ ஆற்றங்கரையில் எந்த வீட்டை எட்டிப் பார்த்தாலும் குடும்பமே சுவரைப் பார்த்து நின்று குடித்துக்கொண்டிருக்கும். பிரபுக்கள் வீட்டிலும் அப்படித்தான், குடியானவன் வீட்டிலும் அப்படித்தான்.

இலாரியோ தன் கண்ணாடிக் கோப்பையை எடுத்துக் கிண்ணத்தில் சாய்த்தான். சாறு ஊதா நிறமாயிற்று. எழுந்தான். முதுகைத் திருப்பினான். ஜன்னலைப் பார்த்தபடி மூன்றே மடக்கில் குடித்தான். திரும்பி, மீசையைத் துடைத்துக்கொண்டு, மனசு நிறைந்து சொன்னான்: "சிஞ்ஞோரா, இந்தச் சாறு வச்ச கைக்கு ஒரு கும்பிடு போடணும். எங்க இருக்காங்க அவங்க?"

கமிட்டிக்காரர் ஒருவர் தன் கிண்ணத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா தொர்னாகியின் உதடு துடித்தது, சிரிப்பை அடக்குவதற்கு. அவள் இலாரியோவைப் பார்க்காமல் ஒலிந்தோ பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் அதே ஊர்தானே? அங்க எல்லாரும் இப்படித்தான் பண்ணுவீங்களா?"

இலாரியோ ஒலிந்தோவைப் பார்த்துச் சிரித்தான். இப்போது அவன் எழுந்து நிற்பான், அவனும் ஊற்றுவான், எல்லாருக்கும் விளக்குவான் என்றுதான் நினைத்தான். வேறென்ன நினைப்பான்?

ஒலிந்தோ நாப்கினால் வாயை ஒற்றிக்கொண்டான். "எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்லைங்க, சிஞ்ஞோரா. வண்டிக்காரங்க யாராவது பண்ணுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

மேஜை விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர், "அரசரைக் கூப்பிட்டோம், வண்டிக்காரர் வந்திருக்கார்!" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நடத்துநரும் சிரித்தார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

வண்டிக்காரங்க! ஒலிந்தோவைப் பெற்ற அப்பன் சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலடித்துப் படிக்க வைத்தான். அந்த அப்பன் ஒவ்வொரு கிறிஸ்துமஸும் சுவரைப் பார்த்து நின்று குடித்துவிட்டு "ஆங்" என்று விடுகிற பெருமூச்சு இலாரியோவின் காதில் இன்னும் இருந்தது. அந்த மனிதனைப் பற்றித்தான் மகன் கேள்விப்பட்டிருக்கிறானாம். இலாரியோவுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. எழுந்து மேஜையைக் கவிழ்த்திருக்கலாம்; அதற்கான பலம் இருந்தது. ஆனால் அதற்குள் அடுத்த தட்டு வந்துவிட்டது, இவன் கரண்டியை எடுத்துக்கொண்டு தட்டின்மேல் குனிந்தான். அன்று அவன் தின்றது என்ன என்று பிறகு கேட்டால் அவனுக்கே ஞாபகமில்லை.

மறுவாரம் நடத்துநர் கூப்பிட்டார். "உன் குரல்ல எனக்கு ஒரு குறையும் இல்லப்பா. ஆனா கமிட்டி என்ன சொல்லுதுன்னா, அரசன்னா ஒரு நிமிர்வு வேணும், ஒரு நாகரிகம்... நீயே புரிஞ்சுக்கோ."

"மாயெஸ்த்ரோ, நான் சூப் குடிச்சதுல பாட்டு எங்க கெட்டுச்சு?"

"பாட்டு கெடல. ஆனா டிக்கெட் வாங்குறவங்க..."

"டிக்கெட் வாங்குறவன் சூப் குடிக்க வரானா, பாட்டுக் கேக்க வரானா?"

நடத்துநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேஷம் ஒலிந்தோவுக்குப் போயிற்று.

நீவெஸ் பிரித்த அங்கியை மறுபடியும் சின்னதாகத் தைத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு வசவு. "அவன் தோள்ல நிக்கவே நிக்காது இது. ஊசியை எடுக்காமலே விட்டுடறேன் பாரு, குத்தட்டும்" என்றாள். ஆனால் எடுத்துவிட்டாள், தொழிலுக்குத் துரோகம் பண்ண அவளுக்கு வராது.

ஒலிந்தோ பாடினான். மோசமாகப் பாடினான் என்று சொல்ல முடியாது. அது இன்னும் வயிற்றெரிச்சல். கீழ்ஸ்தாயி வருகிற இடத்தில் குரல் கிடைக்காமல் தலையைக் குனிந்து கையால் முகத்தை மூடிக்கொள்வான், சோகம் என்று ஜனங்கள் உருகுவார்கள். 'பிறவி அரசனின் கம்பீரம்' என்று பத்திரிகை எழுதியது. பிறவி அரசன்! இலாரியோ அதை நீவெஸுக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பத்திரிகையைக் கசக்கி அடுப்பில் போட்டான்.

அதைவிடக் கொடுமை மூன்றாம் அங்கத்தில் இருந்தது. பிரபுக்கள் வரிசையாக மண்டியிட்டு அரசனின் மோதிரத்தை முத்தமிட வேண்டும். இலாரியோ அந்த வரிசையில் இரண்டாவது ஆள். ஒவ்வொரு காட்சியிலும் மண்டியிட்டான், சம்பளம் அப்படி. ஆனால் முத்தத்தை மட்டும் தன் கட்டைவிரலிலேயே கொடுத்துக்கொண்டான். ஒலிந்தோவுக்கு அது தெரியும். அவன் கண் மேலே விளக்கைப் பார்க்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள்.

கோரஸ் பெண்கள் சும்மா இருப்பார்களா? விருந்தில் நடந்த பேச்சு மாந்தொவா வழியாக சான் ப்ரோஸ்பெரோவுக்கே போய்ச் சேர்ந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. போக வேண்டாம் என்றாள் நீவெஸ். "அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உனக்குச் சாப்பாடு இறங்குமா?"

"போவேன். ஏன் போகக்கூடாது? அது என்ன அவன் வீடா? அர்ஜியாம்மா வீடு" என்றான் இலாரியோ. "இந்தத் தடவை போறதே ஒரு விஷயத்துக்காகத்தான். அந்தம்மா முன்னாடி வச்சு அவனைக் கேக்கப் போறேன். உன் அப்பன் யாருடான்னு கேக்கப் போறேன்." ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். புதிய பாட்டுக்கு மூச்சுப் பழகுகிற மாதிரி, எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் அழுத்துவது என்று பார்த்துக்கொண்டான்.

அர்ஜியாம்மா வீட்டில் விடிந்ததிலிருந்து குண்டான் அடுப்பில் இருந்தது. விரல் நுனி அளவுக்கு இறைச்சி பொதிந்து மடித்த மாவு முடிச்சுகள் மேஜை முழுக்கத் துணியில் பரத்தியிருந்தன. அதைச் சாற்றில் போட்டுத்தான் ஒயின் ஊற்றுவது. ஒலிந்தோ இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னறையில் இருந்தார்கள். அர்ஜியா இவனை மட்டும் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இலாரியோ, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கம்மா."

"ஊர்ல ஒரு மாதிரியாப் பேசிக்கிறாளுங்க. ஏதோ பெரிய மனுஷங்க வீட்டு விருந்துல, உன்னை வச்சு எல்லாரும் சிரிச்சாங்களாம். என் புள்ளை எந்திரிச்சு, எங்க வீட்ல இந்தப் பழக்கமே இல்ல, அது வண்டிக்காரனுங்க பழக்கம்னு சொன்னானாம். அவங்கப்பனைச் சொன்னானாம்டா. நீ அங்க இருந்தியாமே. நெசமா?"

வாக்கியம் இவன் நாக்கில் தயாராக இருந்தது. அவள் குரலில் அழுகை இல்லை. கேட்டுவிட்டு, மேஜையில் சரியாக இருந்த முடிச்சுகளை எடுத்து எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சு பிரிந்து இறைச்சி வெளியே வந்துவிட்டது. அதை அழுத்தி அழுத்தி மூடப் பார்த்தாள், மூடவில்லை.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றான் இலாரியோ. அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பொய்ம்மா அது. சிரிச்சது நெசம். ஆனா ஒலிந்தோ என்ன பண்ணினான் தெரியுமா? அவனும் கிண்ணத்துல ஒயினை ஊத்தினான். எந்திரிச்சு எம்பக்கத்துல வந்து நின்னு குடிச்சான். எங்கப்பா இப்படித்தான் குடிப்பாருன்னு சொன்னான்."

அர்ஜியா அவனைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப்பக்கம் நீவெஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தவனின் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "பைத்தியமாய்யா உனக்கு?"

"பேசாம இரு."

ஒலிந்தோ வந்தான். ஒட்டக நிறக் கோட்டு, வாசலில் கார், கையில் நகரத்துக் கடையின் நாடா கட்டிய கேக் பெட்டி. உள்ளே நுழைகிறபோதே கண் இலாரியோவைத் தேடியது. கண்டதும் வேறு பக்கம் போயிற்று. அவனுக்கும் தெரியும், ஊரில் பேச்சு நடக்கிறது என்று. வராமல் இருந்தால் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று வந்திருந்தான். வந்ததும் அம்மா ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கையெல்லாம் மாவு.

"கேளுங்க எல்லாரும்! ஊர்ல நாக்கு நீண்டவளுங்க என்னவோ சொன்னாளுங்களே. இலாரியோ நேர்ல பாத்தவன் சொல்லிட்டான். என் புள்ளை அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி எந்திரிச்சு நின்னு, எங்கப்பா இப்படித்தான் குடிப்பாருன்னு சொல்லிக் குடிச்சானாம்!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். ஒலிந்தோவின் முகம் வெளுத்துச் சிவந்தது. இலாரியோவைப் பார்த்தான். இலாரியோ பார்வையை விலக்கவில்லை. இப்போதாவது சொல்லடா, என்றது அந்தப் பார்வை. நான் உனக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன், நீயே உன் வாயால் சொல்லிவிட்டு உள்ளே வா. அந்த அம்மாவிடம் ஒரு மன்னிப்புக் கேள், எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். வேஷத்தையும் விட்டுவிடுகிறேன்.

ஒலிந்தோ கேக் பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்லம்மா" என்றான். குரல் முதலில் தடுமாறியது, போகப்போகத் தேறிவிட்டது. மேடையில் பழகிய குரல் அல்லவா? "அந்தச் சிஞ்ஞோரா சிரிச்சதும் எனக்குப் பொறுக்கல. என்ன இருந்தாலும் நம்ம ஊர்க்காரன். இவன் பாவம், பதில் சொல்லத் தெரியாம நின்னான். நான்தான் எந்திரிச்சேன். எங்கப்பா வண்டிக்காரர்தான், அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லைன்னு சொன்னேன்."

பதில் சொல்லத் தெரியாமல் நின்றானாம்! பாவமாம்! இலாரியோ வாயைத் திறந்தால் இந்த வீடு இடிந்து விழும். திறந்து என்ன சொல்வான்? இந்தப் பொய்யைக் கொடுத்தவனே அவன்தானே. கொடுத்த பொய்யை ஒலிந்தோ இந்த அழகாகப் போட்டுக்கொள்வான் என்று யார் கண்டது? அங்கியையாவது நீவெஸ் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு தையல்கூட வேண்டியிருக்கவில்லை.

அர்ஜியா குண்டானைத் திறந்தாள். ஆவி எழுந்தது. இலாரியோவின் கிண்ணத்தில் ஒரு கரண்டி முடிச்சுகள், ஒரு கரண்டி சாறு. நீவெஸுக்கும் அப்படியே. பிறகு மகனுடைய கிண்ணம். ஒரு கரண்டி போட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள், இன்னொரு கரண்டி போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதும் போட்டாள். ஒயின் ஊற்ற இடமில்லாமல் கிண்ணம் தளும்பியது.

கரண்டியோடு பின்னால் நின்ற அர்ஜியாவைத் தவிர எல்லாரும் ஒயினை ஊற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். இலாரியோவின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒலிந்தோ நின்றான். அம்மாவுக்கு முகம் தெரியாது என்ற தைரியத்தில் உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தான்.

"டேய்... இதை மறக்க மாட்டேன்டா. அடுத்த சீசன்ல கமிட்டிகிட்ட சொல்லி உனக்கு ஒரு சின்ன வேஷம் வாங்கித் தரேன். தூதன் வேஷம். நாலு வரி இருக்கும்."

இலாரியோ கிண்ணத்தை வாய் வரை கொண்டுபோனவன் நிறுத்தினான்.

"குடிடா" என்றான் சுவரைப் பார்த்தபடி. "உங்கம்மா பாத்துக்கிட்டிருக்காங்க. குடிச்சிட்டு உங்கப்பன் விடுவாரே, அந்த மாதிரி ஒரு மூச்சு விடு. அதையாவது சரியாப் பண்ணு."

ஒலிந்தோ குடித்தான். மூச்சு விட்டான். அதைக் கேட்டு அர்ஜியா பின்னால் விம்மினாள். அவன் அப்பாவுடைய மூச்சுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கெட்டிக்கார நடிகன்.

திரும்பிப் போகிற வழியில் ரயிலடி வரைக்கும் நீவெஸ் வாயை மூடவில்லை. பாதை இரண்டு பக்கமும் வயல் பனியில் வெளுத்துக் கிடந்தது. "வேஷத்தைக் குடுத்தே. பேரைக் குடுத்தே. இப்ப உன் மானத்தையும் எடுத்து அவன் மடியில கட்டிட்டு வந்திருக்கே. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தானேய்யா இவ்வளவு தூரம் வந்தே? சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே!"

இலாரியோ நடுப்பாதையில் நின்றான். அந்தக் குரல் முழுசாக வெளியே வந்தது. தூரத்தில் நாய் ஒன்று பதிலுக்குக் குரைத்தது.

"என்னத்தடி சொல்லச் சொல்றே? அந்தம்மாவுக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். அவன் அயோக்கியன்னு நான் சொல்லிட்டு ரயிலேறிடுவேன். சாயங்காலம் அந்த மேஜையைத் துடைக்கப்போறது யாரு? அவங்கதானே? வேஷம் போச்சு, போகட்டும். பேர் போச்சு, எனக்கென்ன இருந்துச்சா போறதுக்கு? அதெல்லாம் மன்னிச்சாலும் மன்னிப்பேன்."

மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் முட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"ஆனா எனக்கு ஒரு கரண்டி, அவனுக்கு மூணு கரண்டி! அதை நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்டி."